மூளைக் கட்டி: ஆராய்ச்சிப் பணம் யாருடைய கேள்விக்கு?

பசறைப் பக்கம் போய்வருகின்ற எமது வாசகர்களுக்கு அங்கே தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் ஊவாப் பிரதேச நிலையம் இருப்பது தெரியும். அந்த ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டு சட்டமொன்றின் மூலம் தொடங்கப்பட்டது. தலைமையகம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது விதிக்கப்பட்ட செஸ் வரிப்பணமே அதனை வளர்த்தெடுத்தது. 1930களில் இலைசுருட்டிப் புழு மலைமலையாகத் தேயிலையை அழித்தபோது, அந்தப் புழுவைக் கொல்லும் ஒரு சிறு குளவியை ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இங்கே பரவவிட்டார்கள். 1946இல் கொப்புள நோய் வந்தபோது செம்பு மருந்து தெளிப்பதற்கு முறை வகுத்தார்கள். செடிக்கு ஒரு நோய் வந்தால் அதை யார் ஆராய்வது, எந்தப் பணத்தில் ஆராய்வது என்ற கேள்வி இந்த மலைகளில் நூறு வருடங்களாக எழுந்ததே இல்லை.

இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் செடி பிழைத்ததால்தான் எமது மக்களுக்கும் ஏதோ பேர் விழுந்தது, அடுப்பு எரிந்தது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, கவ்வாத்து வெட்டும் ஆணுக்கோ மூளையில் கட்டி வந்தால், அவருக்குரிய கேள்விகளை ஆராய்வதற்கு எந்தப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? நாம் கேட்பது சிகிச்சைக்கான பணத்தையல்ல. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அதன் அருமையை நாம் மறக்கவில்லை. நாம் கேட்பது ஆராய்ச்சிக்கான பணத்தை. தோட்டத்து மக்களுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் புன்னகைக்கக்கூடும். சம்பந்தம் உண்டு என்பதைக் காட்டவே இதை எழுதுகிறோம்.

முதலில் நோயைப் பற்றி. தலைவலி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு மூளைக் கட்டி கிடையாது. யாரும் வீணாகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் புதிதாகத் தொடங்கி நாளுக்கு நாள் கூடிவரும் தலைவலி, அதிலும் விடியற்காலையில் வாந்தியோடு வருவது, முன்பு ஒருபோதும் வலிப்பு வராத பெரியவருக்கு முதல் தடவையாக வலிப்பு வருவது, ஒரு பக்கக் கையோ காலோ மெல்ல மெல்லச் சோர்வது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது, அமைதியானவர் திடீரெனக் குணம் மாறி எரிந்து விழுவது — இவற்றைப் பனடோல் கொடுத்துத் தள்ளிவிடக் கூடாது. தோட்டத்தில் நடப்பது என்ன? முதலில் டிஸ்பென்சரி. பிறகு பூசாரியிடம் போய்த் திருநீறு போட்டு நூல் கட்டுதல். வலிப்பு என்றால் பேய் பிடித்ததென்பார்கள். குணம் மாறினால் செய்வினை என்பார்கள். எமது சபைகளின் செபக் கூட்டங்களும் இதற்கு விலக்கல்ல. செபித்து அனுப்பியவர்கள், "நாளைக்கே பதுளை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருந்தால் எத்தனை வாரங்கள் மிஞ்சியிருக்கும்!

இனி உலகம் இதுவரை என்ன செய்திருக்கிறது என்று பார்ப்போம். மூளையிலேயே தொடங்கும் புற்றுக்கட்டிகளில் பெரியவர்களுக்கு வரும் மிகக் கொடியது கிளியோபிளாஸ்டோமா. இதற்கு இன்றும் அடிப்படையாகக் கொடுக்கப்படும் மருந்து டெமோசோலமைட். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில், மல்கம் ஸ்டீவன்ஸ் என்பவரின் குழுவினர் 1980களில் அதை உருவாக்கினார்கள். அந்த வேலைக்குப் பின்னால் பொதுமக்கள் போட்ட சில்லறைக் காசால் நடந்த ஒரு புற்றுநோய் நிதியமும் நின்றது. 573 நோயாளரை வைத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2005இல் வந்தது. கதிர் சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். இரண்டு வருடம் தாண்டியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தது இருபத்தாறாக உயர்ந்தது. இரண்டரை மாதம்தானா என்று கேட்பவர்கள், அந்த இரண்டரை மாதத்தில் ஒரு தாய் தன் மகளின் கலியாணத்தைப் பார்த்துவிடலாம் என்பதையும் யோசிக்க வேண்டும். ஆனாலும் அது போதாது என்பதும் உண்மை. அதன் பின் வந்த இருபது வருடங்களில் இந்த நோயில் பெரிய பாய்ச்சல் நிகழவில்லை.

பணக்கார நாடுகளிலும் மூளைக் கட்டி ஆராய்ச்சிக்குப் பணம் கடைசிப் பந்தியில்தான் பரிமாறப்படுகிறது. பிரித்தானியாவின் முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவல் தனக்கே இந்த நோய் வந்த நிலையில் 2018 ஜனவரியில் பிரபுக்கள் சபையில் எழுந்து பேசினார். அதே வருடம் மே மாதத்தில் இறந்துபோனார். அதையொட்டி அந்நாட்டு அரசாங்கம் 4 கோடி பவுண் ஒதுக்குவதாக அறிவித்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் அதில் பாதிகூட ஆராய்ச்சிகளைச் சென்றடைந்திருக்கவில்லை. அறிவிப்பு வேறு, ஆராய்ச்சி வேறு என்பது எமக்குப் புதிய செய்தியல்ல. தோட்டத்து வீடமைப்பு அறிவிப்புகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது மருந்தைப் பற்றியல்ல, நாட்களைப் பற்றி.

கிளியோபிளாஸ்டோமாவுக்கு வழமையான கதிர் சிகிச்சை ஆறு வாரம் நடக்கும். வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் முப்பது தடவை. ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தின் கீழ்ப் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்களுக்காக நோயாளி ஆறு வாரம் வீட்டை விட்டுக் கிடக்க வேண்டும். பூனாகலையிலிருந்தோ லுணுகலையிலிருந்தோ பதுளைக்குத் தினமும் போய்வருவதே ஆரோக்கியமானவருக்கும் கஷ்டம். மகரகமைக்கு அனுப்பினாலோ பதுளையிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு மேல். அங்கேயே தங்கத்தான் வேண்டும். கூட ஒருவர் நிற்க வேண்டும். வலிப்பு வருகிற மனிதரைத் தனியே விட முடியாது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,750 ரூபா. அதில் 200 ரூபா வருகைக்கான கொடுப்பனவு. பிரட்டுக்களத்துக்கு வராதவருக்கு அது கிடையாது. இந்தக் கணக்கின்படி முப்பது நாளுக்கு ஒருவருக்கு 52,500 ரூபா, இருவருக்கு 1,05,000 ரூபா கைவிட்டுப் போகிறது. பஸ் கூலி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் வேறு. சிகிச்சை இலவசமாக இருந்தும், பாதியில் விட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பி வருகிறவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். "பயந்து ஓடி வந்துட்டான்" என்று ஊரார் சொல்வார்கள். பயத்தால் வந்தவர்களை விடக் காசு முடிந்து வந்தவர்கள் அதிகம் என்பதே எமது எண்ணம்.

ஆறு வாரம் கட்டாயம்தானா? இந்தக் கேள்வியைச் சிலர் கேட்டார்கள். கனடாவில் வில்சன் ரோவா என்ற வைத்தியரும் அவருடன் பணியாற்றியவர்களும் 60 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ நூறு நோயாளரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஆறு வாரமும் மறு பகுதியினருக்கு மூன்று வாரமும் கதிர் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது: ஆயுளில் வித்தியாசம் இல்லை. பிறகு வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகவரகம் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டது. வயது முதிர்ந்த அல்லது உடல் தளர்ந்த 98 நோயாளர் பல நாடுகளில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்கு மூன்று வாரத்தில் 15 தடவை, சிலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவை. 2015இல் வந்த முடிவில், ஒரு வாரம் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.9 மாதம், மூன்று வாரம் பெற்றவர்களுடையது 6.4 மாதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்பதால், ஒரு வார முறை எவ்விதத்திலும் குறைந்ததாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். வாழ்க்கைத் தரத்திலும் குறைவு காணப்படவில்லை.

இதன் பொருள் என்ன? முப்பது நாள் பயணம் ஐந்து நாளாகலாம். இருவரின் 1,05,000 ரூபா இழப்பு 17,500 ஆகலாம். எந்தப் புது மருந்தும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. ஒருவர் நோயாளியின் பக்கத்திலிருந்து ஒரு கேள்வியைக் கேட்டார், அதற்கு யாரோ பணம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இது முதியவர்களுக்கும் தளர்ந்தவர்களுக்கும் மட்டுமே பொருந்தும் முடிவு. இளவயதினருக்கும் உடல் தாங்குபவர்களுக்கும் ஆறு வாரமும் மருந்துமே இன்றும் ஏற்ற முறை. இதை வாசித்துவிட்டு யாரும் சிகிச்சையைத் தாமாகக் குறைத்துக்கொள்ளக் கூடாது. வைத்தியரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பனிகள் ஏன் வருவதில்லை என்பது வெள்ளிடைமலை. நாட்களைக் குறைப்பதால் விற்பதற்கு ஒன்றும் கிடைப்பதில்லை. லாபம் முழுவதும் நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் போய்விடுகிறது. ஆகவே இந்தக் கேள்விகளுக்குப் பொதுப் பணமும் தரும காசும்தான் கதி.

இன்னொரு உதாரணம், குழந்தைகளைப் பற்றியது. பிரித்தானியாவில் பிள்ளைகளுக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து மூளைக் கட்டி என்று கண்டுபிடிக்கும் வரை ஒரு காலத்தில் 14 வாரத்துக்கு மேல் சென்றது. 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற பெயரில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். எந்த வயதில் எந்த அறிகுறிக்கு வைத்தியரிடம் போக வேண்டும் என்பதைச் சட்டைப்பையில் வைக்கக்கூடிய ஒரு சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோரிடமும் பாடசாலைகளிலும் வைத்தியர்களிடமும் கொடுத்தார்கள். சில வருடங்களில் அந்தக் காலம் ஏழு வாரத்துக்குள் குறைந்தது. அட்டை அச்சிடுவது சுலபம். அதில் எதை எழுதுவது, அதனால் பலன் கிடைத்ததா என்பதைக் கண்டறிந்ததுதான் ஆராய்ச்சி. அதைத் தமிழில் பெயர்த்து ஒட்டிவிட்டால் போதாது. எமது தோட்டங்களில் பிள்ளை முதலில் யார் கண்ணில் படுகிறது? பிள்ளைக் காம்பராவில் பார்ப்பவரா, ஆசிரியரா, பாட்டியா? டிஸ்பென்சரியில் எத்தனை தடவை திருப்பி அனுப்பப்படுகிறது? இது தெரியாமல் அட்டையை யாருக்குக் கொடுப்பது?

பக்கத்து நாட்டிலும் பார்க்கத்தக்க வேலை நடந்திருக்கிறது. மும்பாய் டாட்டா மெமோரியல் வைத்தியசாலையில் 3 முதல் 25 வயது வரையான 200 பேரை வைத்து 2001 தொடக்கம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். கட்டியை மட்டும் குறிவைத்துக் கதிர் செலுத்தும் முறையையும் பழைய முறையையும் ஒப்பிட்டார்கள். கட்டி சுருங்கியதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்து அந்தப் பிள்ளையின் புத்திக்கூர்மை எப்படி இருக்கிறது, உடலின் சுரப்பிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று அளந்தார்கள். குறிவைக்கும் முறையே மேல் என்பது 2017இல் வெளியான முடிவு. பிழைத்த பிள்ளை படிக்க முடியுமா என்பதுதானே தாயின் கேள்வி? அந்தக் கேள்விக்கு மும்பாயில் பதில் தேடினார்கள்.

அளப்பது பற்றி ஒரு வார்த்தை. மூளைக் கட்டி நோயாளரின் நிலையை அறிய ஐரோப்பாவில் 20 கேள்விகள் கொண்ட ஒரு கேள்விக்கொத்து இருக்கிறது. நினைவாற்றலைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொல்லும் முறையும் உண்டு. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு பாட்டியிடம் காகிதத்தையும் பேனையையும் நீட்டிக் கடிகாரம் வரையச் சொன்னால் அவருக்கு மூளை கெட்டுவிட்டது என்றுதான் விடை வரும்! முற்றின இலையையும் கொழுந்தையும் கண் இன்னும் பிரித்தறிகிறதா, தராசில் நிறுத்த கிலோவை நினைவில் வைத்திருக்கிறாரா, வாசற்படியில் அடி தவறாமல் இறங்குகிறாரா என்று கேட்டால் அவருடைய உண்மையான நிலை தெரியும். அதைக் கேட்கத் தோட்டத்துத் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆராய்ச்சியில் சேரச் சம்மதம் வாங்கும் பத்திரமும் அந்தத் தமிழில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். புரியாத மொழியில் கைநாட்டு வைத்த பழக்கம் எமது மக்களுக்கு இரண்டு நூற்றாண்டுப் பழக்கம். ஆராய்ச்சியின் பெயரால் அது தொடரக் கூடாது.

பணம் எங்கிருந்து வரும்? இந்த நாட்டு மக்கள் கொடுக்காதவர்கள் அல்ல. 2011இல் தெற்கே தெவுந்தரையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். 2016இல் மகரகம வைத்தியசாலைக்கு ஒரு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபா கேட்டபோது, இன மத பேதமின்றி நாடெங்குமிருந்து காசு வந்து சேர்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் உண்டியல் உடைத்தார்கள். ஆனால் நாம் கொடுப்பதெல்லாம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும்தான். கட்டடத்தில் உபயகாரர் பெயரைக் கல்லில் வெட்டலாம். கேள்வியில் பெயர் வெட்ட இடமில்லை. எமது திருச்சபைகளுக்கும் இந்தச் சபலம் இருக்கிறது. வெளிநாட்டு உதவி நிறுவனங்களிடம் கட்டடத்துக்கு விண்ணப்பம் எழுதத் தெரிந்த நாம், ஒரு தாதியை இரண்டு வருடம் சம்பளத்துக்கு அமர்த்தித் தோட்டம் தோட்டமாக நோயாளரைப் பின்தொடர்ந்து எழுத வைப்பதற்கு விண்ணப்பம் எழுதியதில்லை. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நரம்பியல் பிரிவை ஆரம்பித்தபோது இந்தியாவில் அந்தத் துறையே இருக்கவில்லை. மிஷன் பணம் அன்று புதிய துறைக்குத் துணிந்து போனது.

எதிர்வாதம் ஒன்று நிச்சயம் வரும். தோட்டத்தில் மலசலகூடம் இல்லை, பிள்ளைகளுக்குப் போசாக்கு இல்லை, அபூர்வமாக வரும் மூளைக் கட்டிக்கு ஆராய்ச்சியா என்பார்கள். நியாயமான கேள்விதான். 2016ஆம் ஆண்டு சனத்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டத்துறையில் 32 பேர் என்று தெரியவந்தது. தோட்டத்தைத் தனியாக எண்ணியதால்தான் அந்த வெட்கக்கேடு எல்லோருக்கும் தெரிந்தது. அதைத்தான் நாம் இங்கும் கேட்கிறோம். யாரிடம் முதலில் போகிறார், எத்தனை வாரம் வீணாகிறது, பயணத்தில் எவ்வளவு இழக்கிறார், ஏன் பாதியில் விடுகிறார் என்ற கேள்விகள் மூளைக் கட்டிக்கு மட்டும் உரியவையல்ல. வெற்றிலையும் புகையிலையும் போட்டு வாய்ப்புற்று வந்தவருக்கும், மார்பில் கட்டியை மறைத்து வைத்திருக்கும் பெண்ணுக்கும் அவை அப்படியே பொருந்தும். மூளைக் கட்டியில் தொடங்குவதற்குக் காரணம், அங்கே கால தாமதத்தின் விலை மிகப் பச்சையாகத் தெரிகிறது என்பதே.

எமது யோசனை பெரிய தொகையைப் பற்றியதல்ல. மாதாமாதம் சம்பளத்தில் சந்தா பிடிக்கும் தொழிற்சங்கங்கள், பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள், தவக்கால காணிக்கை எடுக்கும் சபைகள், இங்கிருந்து போய் வெளிநாடுகளில் காலூன்றியவர்கள் ஆகியோர் சேர்ந்து ஒரு சிறு நிதியத்தைப் பதுளையில் ஆரம்பிக்கலாம். அதில் எழுதப்படும் முதல் விதி, எந்தக் கேள்விக்குப் பணம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் மேசையில் நோயாளரும் பராமரித்தவர்களும் உட்கார வேண்டும் என்பதாக இருக்கட்டும். இது வெறும் ஆசையல்ல. பிரித்தானியாவில் ஜேம்ஸ் லிண்ட் கூட்டமைப்பு என்ற அமைப்பின் வழியாக நோயாளரும் குடும்பத்தாரும் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து மூளைக் கட்டி பற்றிய முதல் பத்துக் கேள்விகளை 2015இல் வெளியிட்டார்கள். நோயால் குணம் மாறிப்போன மனிதரோடு வாழும் குடும்பத்தாருக்கு எப்படிக் கைகொடுப்பது என்பதும் அந்தப் பத்தில் ஒன்று. வைத்தியர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி பட்டியலில் ஏறியிருக்குமா என்பது சந்தேகம்தான். இரண்டாவது விதி, கண்டறிந்ததைத் தோட்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்து சொல்ல வேண்டும். பேராசிரியர்களின் சஞ்சிகையில் வெளியானால் போதாது.

நிதியம் வரும் வரை சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. தோட்டங்களில் மரணாதாரச் சங்கங்கள் இருக்கின்றன. யார் எப்போது இறந்தார், எவ்வளவு கொடுக்கப்பட்டது என்று அவற்றின் கணக்குக் கொப்பியில் ஒழுங்காக எழுதப்படுகிறது. குடும்பத்தார் சம்மதித்தால், பெயரை விட்டு, மூளைக் கட்டியோ வேறு புற்றோ வந்தவர்களுக்காக அந்தக் கொப்பியின் பின்பக்கத்தில் சில கோடுகள் போட்டுக்கொள்ளலாம்: முதல் தலைவலி அல்லது முதல் வலிப்பு வந்த மாதம், முதலில் கூட்டிப்போன இடம், பதுளைக்குப் போன நாள், ஸ்கேன் எடுத்த நாள், சிகிச்சைக்காக இழந்த பேர் எத்தனை, பாதியில் விட்டிருந்தால் ஏன். மாதர் சங்கத்துப் பிள்ளைகள் இதை அழகாக எழுதுவார்கள். பசறை, ஹாலிஎல, அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கங்களில் பத்துத் தோட்டங்கள் ஒரு வருடம் இப்படி எழுதினால், பதுளை வைத்தியசாலையின் புற்றுநோய் வைத்தியர் ஒருவரின் மேசையில் கொண்டுபோய் வைப்பதற்கு எம்மிடம் ஏதாவது இருக்கும். எழுதத் தொடங்குகிறவர்கள் எமக்கு அறிவித்தால், கோடு போட்ட தாளை நாமே அச்சிட்டு அனுப்புவோம்.